அட்டைப்பெட்டி அண்ணி – 9: ஏழாவது மாடி

விரல் நீளத்துக்கு ஒரு லிப்ஸ்டிக். அது வந்திருந்த பெட்டிக்குள் ஐந்து லிட்டர் குக்கரை உட்கார வைத்து மூடலாம்.

"எலிக்கு யானைச் சட்டை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அண்ணி அந்தப் பெட்டியின் அடியைப் பிரித்துத் தட்டையாக்கி அடுக்கில் வைத்தாள்.

போன வாரம் மூன்றாவது தெரு அடுக்குமாடியின் சங்கத் தலைவியோடு அவள் மல்லுக்கட்டியது நினைவிருக்கும். "எங்க கட்டடத்துல குப்பைன்னு பெருசா ஒண்ணும் கிடையாதும்மா" என்ற அந்த அம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், கீழ்த்தளத்துத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினாள் அண்ணி. தொட்டியிலிருந்து அட்டை வழிந்துகொண்டிருந்தது. தலைவியின் வாயிலிருந்து அதன்பிறகு வார்த்தை வழியவில்லை. அன்றைக்கே லிஃப்டில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: 'ஆன்லைனில் வாங்கும் பொருட்களின் காலிப் பெட்டிகளைக் கிழிக்காமல் கீழே வைக்கவும். மறுபடி பயன்படும்.'

அந்தக் கட்டடத்திலிருந்து முதல் ஈடு நேற்று மாலை வந்து சேர்ந்தது. நாற்பத்திரண்டு பெட்டிகள்.

வீட்டை ஒட்டிய கார் ஷெட்தான் அண்ணியின் தொழிற்சாலை. மெல்லிய அட்டை ஒரு பக்கம், தடித்த அட்டை ஒரு பக்கம். குமிழித் தாளெல்லாம் ஒரு சாக்கில். கிழிந்துபோன அட்டையை நீளநீளமாக நறுக்கினால், கண்ணாடிச் சாமான் அனுப்புகிறவர்களுக்கு இடையில் திணிக்க ஆகும். சோப்பு செய்து விற்கும் டீச்சர், பழைய புத்தகக் கடைக்காரர், மெழுகுவத்தி அக்கா எல்லாரும் புதுப்பெட்டி வாங்குவதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது.

இவளை முதன்முதலில் அண்ணி என்று கூப்பிட்டவள் இவளுடைய நாத்தனார். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் 'வாலு' என்று பெயர். வாலு கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய் மூன்று வருஷம் ஆயிற்று. ஆனால் அவள் விட்டுப்போன 'அண்ணி' தெரு முழுக்கத் தொற்றிக்கொண்டது. பேப்பர் போடுகிறவர்கூட "அண்ணி, பேப்பர்!" என்றுதான் கத்துவார்.

அண்ணி ஹேர் டிரையரை எடுத்தாள். முடி காய வைக்க அதை அவள் ஒருநாளும் எடுத்ததில்லை. லேபிள் மேல் சூடாக ஊதினால் பசை இளகும். நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பினால் முழுசாக வந்துவிடும். வந்ததைப் படிக்கமாட்டாள். அப்படியே வாளித் தண்ணீரில் போட்டுக் கூழாக்கிவிடுவாள். அடுத்தவர் வீட்டு விலாசமும் போன் நம்பரும் நமக்கெதுக்கு என்பது அவளுடைய சட்டம்.

அடுத்து வந்தவை மூன்றும் ஒரே மாதிரிப் பெட்டிகள். பக்கவாட்டில் பொக்கைவாய்ச் சிரிப்போடு ஒரு குழந்தை. பிறந்த குழந்தைக்கான டயப்பர்.

"யார் வீட்டுலயோ புது வரவு" என்று அண்ணி சிரித்துக்கொண்டே ஊதினாள். லேபிள் கிளம்பி, வாளிக்குள் விழாமல் அவள் புறங்கையில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. எழுத்து மேல்பக்கம்.

படிக்க வேண்டும் என்று படிக்கவில்லை. கண் ஓடிவிட்டது.

வாலுவின் பெயர்.

வீட்டில் கூப்பிடுகிற பெயர் இல்லை. பள்ளிச் சான்றிதழில் இருக்கிற முழுப்பெயர். கணவன் பெயர் வந்து ஒட்டுவதற்கு முன்னால் இருந்த பழைய பெயர். கீழே, எழுநூற்று மூன்று, ஏழாவது மாடி.

'ஊர்ல ஒரு பேர் ஒருத்திக்குத்தானா இருக்கும்?' என்று அண்ணி தன்னைத் தானே அதட்டினாள். பெயருக்கு அடியில் போன் நம்பர் இருந்தது. தன் செல்போனை எடுத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் வாலு வைத்திருந்த நம்பரை அழிக்க மனசில்லாமல் அப்படியே வைத்திருந்தாள். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தாள். பத்தும் பொருந்தின.

அனுப்பிய தேதி, போன திங்கள்கிழமை.

அதற்கு முந்தின நாள்தானே, ஞாயிற்றுக்கிழமை, வாலு வீடியோ காலில் வந்தாள்? ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "வெளியே குளிர் தாங்கல அண்ணி" என்றாளே? வாலுவின் அம்மா, அத்தை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாளே? மாமனார் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டாரே?

ஹேர் டிரையர் தரையை நோக்கி ஊதிக்கொண்டே இருந்தது. அண்ணிக்கு அதை அணைக்கத் தோன்றவில்லை.

"என்ன, தரைக்கு ஜலதோஷமா?"

வாசலில் அவள் கணவர் நின்றார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், ஊருக்கு மாஸ்டர். மாணவர் சுவரில் கொண்டுபோய் முட்டினாலும், "பரவாயில்ல, சுவர் எங்கேயும் ஓடிடாது. திரும்ப எடுங்க" என்று சொல்கிற மனுஷன். பதினோரு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து அண்ணி கேட்டதில்லை.

அண்ணி லேபிளை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி மூடிக்கொண்டாள்.

"ஏன் முகம் வெளிறிப் போயிருக்கு?"

"சூடு... மெஷின் சூடு. அத்தை எங்கே?"

"முட்டிக்குக் கரண்ட் வைக்கப் போயாச்சு. அம்மாவுக்கு இப்பல்லாம் நம்மைவிட அந்த மெஷின்மேலதான் பாசம்." சிரித்தார். "எனக்குப் பன்னிரண்டு மணி வரைக்கும் கிளாஸ் இருக்கு. அப்புறம் வண்டி சும்மாதான் நிக்கும். எங்கேயாவது பெட்டி எடுக்கணுமா?"

சொல்லிவிடலாமா என்று நாக்கின் நுனிவரை வந்தது. தங்கை என்றால் இவருக்கு உயிர். சொன்னால் கிளாஸை விட்டுவிட்டு இப்போதே ஓடுவார். ஓடிப்போய்ப் பார்த்து, அங்கே யாரோ ஒருத்தி இருந்தால்? வாலுவே இருந்தால்?

"மூணாவது தெருவுல இன்னும் கொஞ்சம் இருக்காம். நான் முன்னாடி போய்க் கட்டி வைக்கிறேன். நீங்க கிளாஸ் முடிஞ்சதும் வாங்க."

"சரி. வெயிலா இருக்கு, குடை எடுத்துக்கோ."

குடை எடுக்காமல் போனாள்.

அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன் அவளைப் பார்த்ததும் எழுந்தார். "அண்ணி, பெட்டியெல்லாம் நேத்தே அனுப்பியாச்சே?"

"எழுநூத்து மூணுல யார் இருக்காங்க?"

"ஒரு பொண்ணு, கைக்குழந்தையோட. தனியா இருக்கு. வெளிய தலையே காட்டாது. உப்புலேருந்து ஊக்கு வரைக்கும் எல்லாம் பார்சல்தான். குழந்தையைப் பார்த்துக்க ஒரு அம்மா தினம் காலைல வேலைக்கு வந்துட்டுப் போகும். ஏன் அண்ணி?"

"ஒரு... ஒரு பெட்டில அவங்க சாமான் தங்கிப்போச்சு. கொடுத்துட்டு வந்துடறேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய்க்கு அது நன்றாகவே வந்தது. அண்ணிக்கே ஆச்சரியம்.

லிஃப்டில் அவள் ஒட்டச் சொன்ன தாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏழாவது மாடியில் இறங்கினாள். எழுநூற்று மூன்றின் வாசலில் செருப்பு எதுவும் இல்லை. மணியை அழுத்தினாள். உள்ளே குழந்தை சிணுங்கும் சத்தமும், அதைத் தட்டிக்கொண்டே நடந்துவரும் காலடியும் கேட்டன.

"பார்சலா? அப்படி வச்சுட்டுப் போப்பா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

அந்தக் குரல் அண்ணிக்கு நன்றாகத் தெரிந்தது. மறுபடி மணியை அழுத்தினாள். கதவு நாலு விரற்கடை திறந்தது.

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அத்தை நின்றாள்.

அத்தையின் கை குழந்தையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது; அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தது. அவள் முகத்தில் மட்டும் ரத்தமில்லை.

"கரண்ட் வைக்கப் போறேன்னீங்களே, அத்தை" என்றாள் அண்ணி. இத்தனை பெரிய விஷயத்துக்கு முன்னால் அதுதான் வாயில் வந்தது.

"உள்ள வா" என்று அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தினாள். "யாரோட வந்திருக்கே? தனியாத்தானே? சொல்லு, தனியாத்தானே?"

கூடத்தில் மேசையும் நாற்காலியும் இருந்தன. நாற்காலிக்குப் பின்னால் சாம்பல் நிறச் சுவர், அதில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே இலையுதிர்ந்த மரங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் பார்க்கிற அதே அறை. அண்ணி கிட்டே போனாள். அது சுவரில்லை. பெரிய டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து நிறுத்தி, அதன்மேல் சுவர்த்தாள் ஒட்டியிருந்தது. ஜன்னலும் மரமும் அச்சடித்த படம். நாற்காலி முதுகில் அந்த ஸ்வெட்டர் தொங்கியது.

மாதக்கணக்காக இந்தக் குடும்பம் கண்ணீர் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த வெளிநாடு, ஆறடி அட்டை.

அட்டைக்குப் பின்னாலிருந்து வாலு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"திட்டாதீங்க அண்ணி" என்றாள். பிறகு, "இல்ல, திட்டுங்க" என்றாள்.

அண்ணி உள்ளங்கையைத் திறந்தாள். கசங்கிய லேபிள்.

அத்தை மகளைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன், பெட்டியைக் கீழ வைக்காதேன்னு!"

"எங்கம்மா வைக்கிறது? கடைக்குப் போனா யாராவது பார்த்துடுவாங்க. எல்லாமே பெட்டியிலதான் வருது. வந்த பெட்டியெல்லாம் அந்த ரூம்ல போட்டுப் பூட்டினேன். கூரை வரைக்கும் வந்துடுச்சு. ஒருநாள் சரிஞ்சு, தூங்கிட்டிருந்த குழந்தைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அன்னிக்குத்தான் லிஃப்ட்ல அந்த அறிவிப்பு. யாரோ புண்ணியவான் வந்து எடுத்துக்கட்டும்னு வச்சுட்டேன்." வாலு அண்ணியைப் பார்த்தாள். "அந்தப் புண்ணியவான் நீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள்.

"குழந்தையைக் குடுங்க அத்தை."

அத்தை தயங்கினாள். வாலு தலையசைத்த பிறகு கொடுத்தாள். பத்து வாரக் குழந்தை, பெண். துணி விலகியதும் அண்ணி பார்த்தாள். வலது கை அவள் சேலையை இறுகப் பிடித்திருந்தது. இடது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டிருந்தது. விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில் பட்டாணி போலச் சின்னச் சின்ன மொட்டுகள்.

"வலிக்குமா?" என்றாள் அண்ணி.

வாலுவுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. "வலியே கிடையாது அண்ணி. நல்லா இருக்கா. டாக்டர் சொல்றாங்க, எல்லாத்தையும் அவளே கத்துக்குவாளாம். ஸ்கேன்ல தெரிஞ்சதும் அவர் வேண்டாம்னுட்டார். கலைச்சுடுன்னார். நான் மாட்டேன்னேன். பெட்டியை எடுத்துட்டு வந்துட்டேன். நான் அங்கேயே இருக்கிற மாதிரி அவரும் காட்டிக்கறார். அவருக்கு மானம் போயிடுமாம்."

"நேரா நம்ம வீட்டுக்கு வர்றதுக்கென்ன? மூணாவது தெரு வரைக்கும் வந்தவளுக்கு முதல் தெரு தூரமா? நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்? அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா—"

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாலு தரையைப் பார்த்தாள். அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன?"

"அண்ணன்கிட்டதான் முதல்ல சொன்னேன்."

"பொய்."

"அண்ணி—"

"அவரா? உனக்கு ஜுரம்னா சாப்பிடாம இருக்கிறவர். பொய் சொல்லாதே வாலு."

வாலு செல்போனை எடுத்து, ஏழு மாதத்துக்கு முந்தைய ஒரு குரல்பதிவைத் தேடிப் போட்டாள்.

மாஸ்டரின் குரல். நிதானமான, பதமான, பதினோரு வருஷமாக அவளுக்குத் தெரிந்த அதே குரல்.

"இங்க பாரும்மா, பதறாதே. மெதுவா யோசி. ஒரு கை இல்லாம அது எப்படிப் பிழைக்கும்? உனக்கும் கஷ்டம், அதுக்கும் கஷ்டம். மாப்பிள்ளை சொல்றபடி செஞ்சுடு. அப்பாவும் அதைத்தான் சொல்றார். அம்மாவுக்கும் அண்ணிக்கும் தெரிய வேண்டாம், நாங்க பார்த்துக்கறோம். பெத்துதான் தீருவேன்னா பெத்துக்கோ. ஆனா இந்த வீட்டு வாசலுக்குக் கொண்டு வராதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், சரியாம்மா?"

கத்தியிருந்தால்கூடப் புரிந்திருக்கும். 'கிளட்ச்சை மெதுவா விடுங்க' என்று புதிதாக வந்த மாணவிக்குச் சொல்வது போலச் சொல்லியிருந்தார்.

"இன்னொரு தரம் போடு" என்றாள் அண்ணி. கேட்டாள். அவர்தான்.

ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் அவர் ஷெட்டில் வந்து பெட்டி தூக்கியிருக்கிறார். தமாஷ் பண்ணியிருக்கிறார். ஞாயிறு தோறும் வீடியோவில் தங்கையைப் பார்த்து, "உடம்பு தேவலையா?" என்று கேட்டிருக்கிறார். கலைத்தாயிற்று என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறார் என்பது இப்போது விளங்கியது.

"நான் பெத்த பிள்ளை" என்றாள் அத்தை. "எனக்கே ஆஸ்பத்திரியில இவ பக்கத்துல உட்கார்ந்து இதைக் கேட்டப்பத்தான் அவன் யாருன்னு தெரிஞ்சுது. வீட்டுக்குப் போய்த் தட்டுல சோறு போட்டேன். அவன் முன்னால நிக்க முடியல. முட்டி வலின்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல அத்தை?"

"நீ அவன் பெண்டாட்டி. நீ எந்தப் பக்கம் நிப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அறைந்தது போலிருந்தது. ஆனால் அண்ணியால் கோபப்பட முடியவில்லை. கணவனைத் தெரியும் என்று நினைத்த தனக்கே, காலையில் எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது.

அண்ணியின் செல்போன் அடித்தது. மாஸ்டர்.

மூவரும் அதைப் பார்த்தார்கள். மணி பன்னிரண்டு இருபது.

"கீழ ஒரு பெட்டியையும் காணோமே" என்றார் மாஸ்டர். "வாட்ச்மேன் நீ ஏழாவது மாடிக்குப் போயிருக்கேன்றார். பெட்டி அங்கேதான் இருக்கா? கனமா இருந்தா நீ தூக்காதே, நான் மேல வர்றேன்."

"ஒரு நிமிஷம் இருங்க" என்று அண்ணி செல்போனின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

"வராதேன்னு சொல்லு!" அத்தை பதறினாள். "நீ கீழ போயிடு. எதுவும் தெரியாத மாதிரி இரு. உனக்குக் கோடிப் புண்ணியம்."

அண்ணி வாலுவைப் பார்த்தாள். "உன் இஷ்டம். வேண்டாம்னா இப்பவே இறங்கிப் போறேன். என் வாயிலேருந்து ஒரு சொல் வராது. ஆனா அந்த வீட்டுல இனிமே எப்படிச் சிரிக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

வாலு குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் போலிச் சுவரை.

"வரட்டும் அண்ணி" என்றாள். "எத்தனை நாளைக்கு அட்டைக்குப் பின்னால இருக்கிறது?"

அண்ணி கையை எடுத்தாள். "வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அத்தை சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாலு அவளருகில் போய் நின்றாள். குழந்தையை யாரும் திரும்பக் கேட்கவில்லை. லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறி வருவது கேட்டது. நின்றது. மணி அடிப்பதற்கு முன்பே அண்ணி கதவைத் திறந்துவிட்டாள்.

மாஸ்டர் துண்டு போலத் தோளில் கயிற்றுச் சுருளைப் போட்டுக்கொண்டு நின்றார். மனைவி கையில் குழந்தையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, யாரு இந்தப் பட்டுக்குட்டி? பெட்டி எடுக்க வந்த இடத்துல பாப்பாவையும் எடுத்துட்டியா?"

அவர் குனிந்து சுட்டுவிரலை நீட்டினார். குழந்தை வலது கையால் அதைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டது.

"அம்மாடி, என்னா பிடி! ஸ்டியரிங் பிடிக்க இப்பவே ரெடி. எங்கே, அந்தக் கையையும் குடு பார்ப்போம்."

இன்னொரு கையால் துணியை விலக்கினார்.

அந்தச் சிரிப்பு போக நேரம் பிடித்தது. உதடு சிரித்தபடியே இருக்க, கண் மட்டும் முதலில் அணைந்தது. மெல்ல நிமிர்ந்து, மனைவியின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில் தங்கை.

"உன் தாய்மாமன்டி செல்லம்" என்றாள் அண்ணி குழந்தையிடம். "நல்லாப் பார்த்துக்கோ."

மாஸ்டர் ஓரடி பின்வாங்கினார். விரலை இழுத்தார், வரவில்லை. குழந்தை விடவில்லை. அதன் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்துத்தான், பிரித்தார். திரும்பினார். லிஃப்ட் திறந்தே நின்றது. அதைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனார்.

"அண்ணா!" என்று கத்திய வாலு, கத்திவிட்டுத் தன் வாயையே பொத்திக்கொண்டாள்.

படிகளில் காலடிச் சத்தம் இறங்கியது. ஆறாவது மாடி. ஐந்தாவது. அண்ணி குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று கேட்டாள்.

பாதி வழியில் சத்தம் நின்றுவிட்டது. கீழே போகவும் இல்லை, மேலே வரவும் இல்லை.